வாசலில் சாணம் போடும் ஆந்தை!

விடிந்ததும் வாசலில் சாணம் தெளிப்பது நமக்குப் பழகிய விஷயம். ஓர் ஆந்தையும் வாசலில் சாணம் போடுகிறது என்றால் நம்புவீர்களா?

வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் வளை ஆந்தைதான் அது. உயரம் சுமார் ஒரு சாண். மரத்தில் இல்லை, தரைக்கு அடியில் வளைக்குள் முட்டையிடும். மாட்டுச் சாணத்தைத் துண்டு துண்டாக எடுத்து வந்து வளை வாசலில் பரப்பி வைக்கும். சாணத்தைத் தேடி வண்டுகள் வரும். வாசலிலேயே சாப்பாடு ரெடி!

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும், கனடாவில் இது அழிவின் விளிம்பில் நிற்கிறது. காரணம், அங்கே இது சொந்தமாக வளை தோண்டுவது அபூர்வம். தரை அணிலும் பேட்ஜர் என்ற விலங்கும் தோண்டிவிட்டுப் போன வளைதான் இதற்கு வீடு. பயிரைத் தின்கிறது என்று அணிலுக்கு விஷம் வைத்தால், ஆந்தைக்கு வீடு கிடைக்காது. புல்வெளியையே உழுதுவிட்டால் அணிலும் இல்லை, ஆந்தையும் இல்லை.

சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1987-ல் 'ஆபரேஷன் பர்ரோயிங் அவுல்' என்ற திட்டம் தொடங்கியது. ஆந்தை கூடு வைக்கும் மேய்ச்சல் நிலத்தை உழ மாட்டோம் என்று விவசாயிகளே மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். மாடு மேய்வதில் பிரச்னை இல்லை. மேய்ந்து குட்டையான புல்தான் ஆந்தைக்கும் வசதி. எதிரி வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆந்தைகளின் எண்ணிக்கை இன்னும் மீளவில்லை. ஆனால், மிச்சமிருக்கும் புல்வெளிதான் அவற்றின் கடைசி நம்பிக்கை. 'சும்மா கிடக்கிற புல் தரைதானே' என்று நாம் நினைக்கும் இடம், யாருக்கோ வாசல்!