பேர் விழாத பயிற்சி

பசறைத் தோட்டத்துத் தாய்மாருக்குத் தொழிற்பயிற்சி வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகிறோம். நல்லதே. ஆயின் தையல் வகுப்பு நடப்பதோ பட்டினத்தில், பட்டப்பகலில். கொழுந்துக்குப் போகாத நாளில் அவளுக்குப் பேர் விழாது. சம்பளமும் போயிற்று, பஸ் காசும் போயிற்று. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவான பின்னரும் நிறை குறைந்தால் அரைப்பேர் என்னும் அச்சம் அவளை விட்டபாடில்லை.

வெள்ளைத் துரைமார் பிள்ளைக்காம்பரா அமைத்தது இரக்கத்தால் மட்டுமன்று. கையில் பிள்ளையிருந்தால் கொழுந்தெடுக்க இயலாதென்ற கணக்கை அவர்கள் அறிந்திருந்தனர். பயிற்சி நடத்தும் நாம் அதனை அறியோம்! மாலை வகுப்பா? அடுப்பை யார் பார்ப்பது? (தகப்பன்மார் பார்க்கட்டும் என்னும் ஆசிரிய நண்பர் தம் வீட்டில் தொடங்குவாராக.)

வகுப்பு லயத்தருகே நடக்கட்டும். அவ்வேளையில் பிள்ளைக்காம்பராவும் திறந்திருக்கட்டும். அன்றைய பேரைப் போடுவது கம்பனியா, அரசா என்பதே வழக்கு. இருவரும் பாதிப் பாதியாகவேனும் போடவேண்டும்.