ழாவேர் எழுதிய கடைசி நோட்

என் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே பாடமாக வந்த நாவல் விக்தோர் ஹ்யூகோ 1862-இல் எழுதிய 'லே மிஸெராப்ள்'. சுத்தானந்த பாரதியார் தமிழில் 'ஏழை படும் பாடு' என்று தந்தாரே, அதுதான். 1950-இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் போலீஸ்காரராக வந்த சீதாராமன் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன்தான். நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்குக் கிடைத்தது சுருக்கப் பதிப்பு. ரொட்டி திருடப் போய், தப்பியோடப் பார்த்ததற்கும் சேர்த்து 19 வருஷம் சிறையிலிருந்த ழான் வால்ழான் நல்லவன். துரத்தும் ழாவேர் கெட்டவன். பரீட்சைக்கு அது போதும்.

போன வருஷம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழு நூலையும் வாசித்தேன். தன் உயிரைக் காப்பாற்றிய வால்ழானைக் கைது செய்ய முடியாமல் விட்டுவிட்டு, ழாவேர் சேன் நதியில் விழுந்து சாகிறான். அது தெரிந்த கதை. அதற்கு முன் காவல் நிலையத்தில் உட்கார்ந்து மேலிடத்துக்குப் பத்து அம்சங்களில் ஒரு நோட் எழுதுகிறான் என்பது எனக்குத் தெரியாது. விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனைபோடும்போது வெறுங்காலோடு கல்தரையில் நிற்க வைக்கிறார்கள். இருமல் வருகிறது, வைத்தியச் செலவு கூடுகிறது. நெசவுக்கூடத்தில் ஒரு இழை தவறினால் கைதிக்குப் பத்து ஸூ பிடித்தம்; துணிக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. இப்படிப் பத்து. தேதி, நேரம் போட்டு, மடித்து, முத்திரை வைக்கிறான்.

நோட் போட்டே ஆயுளைக் கழித்த எனக்கு அதற்குமேல் பக்கம் திருப்ப முடியவில்லை. ழாவேரைக் கல்நெஞ்சன் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்தும் அவன் அன்று ராத்திரி கண்டுபிடித்ததா? வருஷக்கணக்காகப் பார்த்தது. பார்த்தும் எழுதாமல் இருந்தான். அவன்மேல் எனக்குள்ள குறை அது ஒன்றுதான்.

உத்திரமேரூருக்குப் பிழைக்க வந்தவன் நான். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுப்படி, கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவினருக்கும் குடவோலையில் இடமில்லை. அந்தக் கண்டிப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன். ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனுவை, வயதுக்கு ஆதாரம் இல்லையென்று திருப்பினேன். விதி அப்படி. பிறந்த தேதியை யாரும் எழுதிவைக்காத தலைமுறை அது, வேறு வழி சொல்லுங்கள் என்று மேலே நாலு வரி போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த அம்மா மூன்று தடவை வந்தார். அப்புறம் வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.