ஏர் எடுத்த லாரி

ஒரு லாரிப் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த வேலை ஏன் என்று கேட்காதீர்கள். இலக்கியத்தைவிட லாரிக்குப் பணம் சீக்கிரம் வருகிறது. அதில் 'ஸ்டார்ட் ஆவதில் சிரமம்' என்று ஓர் அட்டவணை. பதினான்கு காரணங்கள். பேட்டரி பலவீனம், ஃபில்டர் அடைப்பு, டீசலில் காற்று, நாசில் பழுது, பம்ப் டைமிங், ரிங் தேய்மானம்... பத்து நிமிட வேலையும் என்ஜினையே இறக்கிவைக்கும் வேலையும் பக்கத்துப் பக்கத்து வரிகளில், ஒரே அளவு எழுத்தில். மொழிபெயர்த்தபோது இது எனக்கு உறுத்தவில்லை. நாக்பூரில்தான் உறுத்தியது.

ஆரஞ்சு விவசாயிகளைப் பற்றி எழுதுவதற்காக டிசம்பரில் அங்கே போயிருந்தேன். அமராவதி சாலையில் நகரத்தை ஒட்டியிருக்கும் வாடி, லாரிகளும் கிடங்குகளுமாக நிறைந்த இடம். காலை ஆறரை மணி. நல்ல குளிர். டீக்கடை எதிரே ஒரு பழைய லாரி ஸ்டார்ட் ஆகாமல் முனகிக்கொண்டிருந்தது. வரூடில் ஏற்றிய ஆரஞ்சு. மாலைக்குள் ராய்ப்பூர் போய்ச் சேரவேண்டும், சுமார் 290 கிலோமீட்டர். ஓட்டுநர்தான் சொந்தக்காரர். லாரிக்கு 20 வயதுக்கு மேல். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அந்த வயதில் எல்லாமே முனகும்.

ஆலோசனைகள் குவிந்தன. "பம்ப் போச்சு, இறக்கி கலிபிரேஷனுக்கு அனுப்பு" என்றார் ஒருவர். "ரிங் தேய்ந்திருக்கும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பெட்ரோலில் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் வைக்கச் சொன்னார். அந்த நேரத்தில்தான் மிஸ்திரி வந்தார். முதலில் துணியைப் பிடுங்கி எறிந்தார். அப்படிச் செய்தால் வெடிப்பு நேரம் தவறி நிகழ்ந்து பிஸ்டனே உடையலாம்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்காக நசுக்கும்போது உண்டாகும் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே, என்ஜின் வேகமாகச் சுழல வேண்டும், காற்று கசியாமல் நசுங்க வேண்டும், டீசல் சரியான நேரத்தில் புகைபோலத் தெளிக்கப்பட வேண்டும். குளிர் காலையில் இவற்றில் எது குறைந்தாலும் வண்டி அடம்பிடிக்கும்.

மிஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். எத்தனை நாளாக? ஒரு வாரமாக. எப்போதெல்லாம்? இரவெல்லாம் நின்ற பிறகு. சூடானபின்? ஒரே செல்ஃபில் எடுக்கும், ஆனால் கொஞ்சம் மிஸ் அடிக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போது? ஓட்டுநர் யோசித்தார். "டேங்க் ஃபுல்லாக இருந்தால் தொந்தரவில்லை, உஸ்தாத்."

"செல்ஃப் அடிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் சைலன்சரைப் பார்த்து நின்றார். என்ஜின் நன்றாகவே சுழன்றது, பேட்டரி தப்பித்தது. ஆனால் சைலன்சரில் புகையே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை. ரிங், வால்வு என்ற பேச்சுக்கு அப்போதைக்கு இடமில்லை.

ஃபில்டர் மேலிருந்த திருகைச் சற்றே தளர்த்தி, ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தார். நுரை நுரையாக டீசல் வந்தது. குமிழி நின்றதும் திருகை இறுக்கினார். அடுத்த செல்ஃபில் என்ஜின் இருமிக்கொண்டே பிடித்தது. "காடி நே ஏர் லே லியா" என்றார். நம் ஊர் பட்டறைகளில் "ஏர் எடுத்துக்கிச்சு" என்பார்கள். நானோ கையேட்டில் 'காற்று உட்புகல்' என்று எழுதியிருந்தேன். சொல் தவறில்லை. கேட்டால் எந்த மெக்கானிக்கும் சிரிப்பார்.

ஆனால் காற்று எங்கிருந்து வந்தது? ஒரு சொட்டு டீசல்கூட எங்கும் கசிந்திருக்கவில்லை. இங்கேதான் பலர் ஏமாந்து பம்ப்பை இறக்குகிறார்கள். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றதும் டீசல் மெல்ல டேங்க்குக்கே இறங்கிவிடும். டேங்க் நிறைந்திருந்தால் அந்த இறக்கம் குறைவு. ஓட்டுநரின் பதிலில் விடை முன்பே இருந்தது.

மிஸ்திரி அதையும் ஊகமாக விடவில்லை. ஒரு கேனில் டீசல் ஊற்றி, தனிக் குழாயால் ஃபீட் பம்ப்புக்கு நேராகக் கொடுத்தார். குமிழி இல்லை. பழுது டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையில்தான் என்று உறுதியானது. கிளிப் இறுக்கியிருந்த இடத்தில் ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருந்தது.

மிஸ் அடிப்பது மட்டும் நிற்கவில்லை. என்ஜின் மெதுவாக ஓடும்போது நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். வேலை செய்யும் சிலிண்டர் என்றால் ஓசை உடனே தடுமாறும். நான்காவதில் எந்த மாற்றமும் இல்லை. அந்த நாசிலைக் கழற்றிச் சோதித்தால், தெளிப்பதற்குப் பதிலாகச் சொட்டியது. இந்தச் சோதனைகள் பழைய என்ஜினுக்கு மட்டும். காமன் ரெயில் என்ஜின்களில் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. பழையதிலும் நாசிலின் பீச்சலுக்கு நேரே கையை நீட்டக்கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஓட்டுநர் கையில் நாசிலுக்குப் பணமில்லை. "ராய்ப்பூர் போய்வந்து பார்க்கலாம்" என்றார். சொட்டும் நாசில் பிஸ்டனை ஓட்டைபோட்டுவிடும் என்று மிஸ்திரி ஒப்பவில்லை. தன் பெட்டியிலிருந்த, சோதித்துவைத்த பழைய நாசில் ஒன்றைப் புதிய செப்பு வாஷருடன் பொருத்தினார். குழாய்க்கும் கிளிப்புக்கும் கூலிக்குமாக 480 ரூபாய் வாங்கிக்கொண்டார். நாசில் பணம் திரும்பி வரும்போது. ஒன்பதரைக்கு லாரி கிளம்பியது. பம்ப்பை இறக்கியிருந்தால் அன்று மாலையும் ஆரஞ்சு வாடியிலேயே இருந்திருக்கும்.

ஊர் திரும்பியதும், அட்டவணையைச் செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்கி வரிசைப்படுத்தலாமா என்று கையேட்டுக்காரர்களைக் கேட்டேன். மூலத்தில் உள்ள வரிசையே போதும் என்று பதில் வந்தது. 'உட்புகல்' இருந்த இடத்தில் மட்டும் 'ஏர் எடுத்தல்' என்று திருத்தினேன். அதை யாரும் கவனிக்கவில்லை.