சேற்றை மிதிப்பது யார்?

"ஆம்பளை சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியைக் கண்டா கழுவுவான்." புருஷன் தப்பு செய்துவிட்டு வந்து நிற்கும்போது பெண்டாட்டிக்குச் சொல்லப்படும் ஆறுதல் இது. சொல்வது பெரும்பாலும் மாமியார்!

பழவேற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏரிச் சேற்றை மிதிப்பது யார்? இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு வியாபாரத்துக்குக் கிளம்புகிறார்கள். விற்றுத் தீர்ந்தால்தான் வீடு. சில நாள் இருட்டிவிடும்.

இருட்டி வந்தால் போச்சு! "ஊர் மேஞ்சிட்டு வர்றா" என்று ஒரு வாய் கிளம்பும். மீன் விலையில் தகராறு என்றாலும் கடைசியில் வந்து விழுவது நடத்தைப் பேச்சுதான். அதற்கு மேல் வரும் வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. எடை குறைந்ததற்கும் அவள் படுக்கைக்கும் என்னய்யா சம்பந்தம்?

'அவிசாரி'க்கு ஆண்பால் சொல்லுங்கள் பார்ப்போம். நாலு வீடு போகிறவனுக்கு 'மைனர்', 'மன்மதன்' என்று பட்டம் அல்லவா கிடைக்கிறது! 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் பெரியார் முதலில் கை வைத்ததே 'கற்பு' என்ற சொல்லில்தான்.

ஏரியில் 'பாடு' முறை உண்டு. யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்ற முறை. அந்த வரிசை ஆண்களுக்கு. மீனில் பங்கில்லாத பெண், மானத்துக்கு மட்டும் முழுப் பொறுப்பு!

கடலுக்குப் போனவன் உயிர் கரையில் இருப்பவள் கற்பில் இருக்கிறது என்று கேரளக் கரையில் ஒரு நம்பிக்கை. அதை வைத்துத்தான் தகழி 1956-ல் 'செம்மீன்' நாவல் எழுதினார். 1965-ல் படமாகவும் வந்தது. சரி, போனவன் இன்னொரு கரையில் ஒழுக்கம் தவறினால் வீட்டில் இருப்பவளுக்கு என்ன ஆகும்? கடலம்மா அதைக் கண்டுகொள்ள மாட்டாள் போலிருக்கிறது! பழவேற்காட்டில் படகுகளுக்கு எமன், மண் தூர்ந்த முகத்துவாரம். அதற்கு எவள் கற்பும் காரணமல்ல.

சட்டம் மட்டும் யோக்கியமா?

1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தைப் பாருங்கள். பலாத்கார வழக்கில் புகார் கொடுத்த பெண் 'ஒழுக்கங்கெட்டவள்' என்று காட்டி, அவள் சாட்சியத்தை உடைக்க எதிரித் தரப்புக்கு இடம் கொடுத்தது. 2002-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது ஒழிந்தது. 130 வருஷம்!

பத்திரிகைத் தலைப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. 'கற்பழிப்பு' என்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்தவன் அவன். அழிந்ததாக எழுதுவது அவள் கற்பை! ரெய்டு நடந்தால் 'அழகிகள் கைது'. கூட இருந்தவன் 'வாலிபர்'.

2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கையேடு வெளியிட்டது. 'பத்தினி', 'நடத்தை கெட்டவள்' என்ற அர்த்தம் வரும் சொற்களைக் கோர்ட்டில் எழுதாதீர்கள், 'பெண்' என்று மட்டும் எழுதுங்கள் என்கிறது. நீதிபதிகளுக்கே பாடம்!

குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் திருப்பாலைவனம் போலீசாருக்கும் இது பொருந்தாதா? மீன் தகராறு வந்தால் மீனைப் பற்றி விசாரியுங்கள். "இவ யோக்கியதை தெரியாதா?" என்று எவனாவது ஆரம்பித்தால் வாயை மூடச் சொல்லுங்கள். மூடாவிட்டால், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் பேச்சுக்குப் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 79-வது பிரிவு இருக்கிறது. 3 வருஷம் வரை ஜெயில்.