நீளத்தைவிட முக்கியம் தப்பும் வழி
மலையைக் குடைந்து செல்லும் சுரங்கப்பாதையின் தரத்தை நீளத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது; விபத்து நேர்ந்தால் வெளியேற வழி உண்டா என்பதே முதல் அளவுகோல். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கி.மீ. நீள மோன் பிளாங் சாலைச் சுரங்கத்தில் இரு திசை வாகனங்களும் ஒரே பாதையில் செல்கின்றன. 1999 மார்ச்சில் அங்கே ஒரு லாரி தீப்பற்றி, நச்சுப்புகை சூழ்ந்து, 39 பேர் இறந்தனர். 2016இல் சுவிட்சர்லாந்தில் திறக்கப்பட்ட 57 கி.மீ. நீள கோத்தார்டு ரயில் சுரங்கமோ, போக ஒன்று வர ஒன்று என இரட்டைச் சுரங்கமாக அமைந்தது. சுமார் 325 மீட்டருக்கு ஒரு குறுக்குவழி இரண்டையும் இணைக்கிறது. ஒன்றில் ஆபத்து என்றால் மற்றதற்குள் ஒதுங்கலாம். இரண்டாவது சுரங்கம் செலவைக் கூட்டும்தான். ஆனால் நெடுஞ்சுரங்கங்களில் அதை வீண்செலவு என்று ஒதுக்குவது தவறு.