குசும்பா: எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள்

குசும்பா போட நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை கிலோ சார்?" வங்கியில் கணக்குப் பார்த்தே பழகிய எனக்கு இது பாதிக் கேள்வி.

மாதிரிக்கு ஒரு கணக்கு. ஒரு ரகம் 400 கிலோ விதை, 28 சதம் எண்ணெய். ஆக 112 கிலோ. இன்னொன்று 350 கிலோதான், ஆனால் 34 சதம், 119 கிலோ. விதையாக விற்பவருக்கு முதல் ரகம், செக்கில் ஆட்டி விற்பவருக்கு இரண்டாவது. செக்கு முழுசாகப் பிழியாது, பிண்ணாக்கில் கொஞ்சம் நிற்கும். அது மாட்டுக்குப் போகட்டும்.

அடுத்து முள். கர்நாடகத்து அண்ணிகேரி-1 முள் ரகம். மகாராஷ்டிரத்தில் பல்தானில் உருவான நாரி-6 முள் இல்லாதது. முள் ரகம் அறுக்க ஆள் கிடைப்பது கஷ்டம், கூலியும் கூட. ஆனால் ஆடு மாடு உள்ளே நுழையாது. ஓரத்தில் நாலு வரிசை முள் ரகம், உள்ளே முள்ளில்லாதது என்பது என் யோசனை. தேனீ மகரந்தம் கடத்தும், அதனால் விதைக்கு நடுவயலில் எடுங்கள்.

வீரிய ஒட்டு கூடுதலாக விளையும், மறுக்கவில்லை. வருசா வருசம் விதை வாங்க வேண்டுமே! மானாவாரிக் கரிசலில் அது இன்னொரு கடன். என் ஓட்டு ரகத்துக்குத்தான்.

ஐப்பசி ஈரத்தில் இரண்டு ரகத்தைக் கால் கால் ஏக்கர் போட்டு, தனித்தனியாக ஆட்டி எண்ணெயை எடை போடுங்கள்.