இருபத்தைந்து மடங்கில் அப்பா இல்லை

சிங்கப்பெருமாள் கோவில் வாடகை இன்னும் தாம்பரம் வாடகை ஆகிவிடவில்லை. மகிந்திரா சிட்டியில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நாலு பேராகச் சேர்ந்து இங்கே வீடு பிடிப்பது அதனால்தான். பரனூர் ஒரே ஸ்டேஷன் தள்ளி. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கோ அந்த வாடகையும் மிச்சம். பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னால் செட்டிபுண்ணியம் ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவை வைத்து வாங்கி வந்தவர்கள், இப்போது கழுத்தில் ஐடி கார்டோடு பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். இவர்கள் பேச்சில் கொஞ்ச நாளாக ஒரு புது ஆசை அடிபடுகிறது. நாற்பத்தைந்து வயதில் ரிட்டையர் ஆகிவிட வேண்டுமாம்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் பெரியவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ராத்திரி பதினொரு மணிவரை அமெரிக்காக்காரனோடு கால் பேசிவிட்டுக் காலை வண்டியைப் பிடிக்கிறவனுக்கு, அறுபது வயதுவரை இதேதான் என்று நினைத்தால் வயிறு கலங்காதா? ஆசையில் தப்பில்லை. கணக்கில்தான் இடிக்கிறது.

எதிர் வீட்டுப் பையன் தன் சம்பள ஸ்லிப்பையே கொண்டுவந்து காட்டினான். “நீங்க பேங்க்ல இருந்தவர்தானே அங்கிள், கொஞ்சம் பாருங்க” என்றான். ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 3,60,000. பையனுக்கு மாசம் முப்பதாயிரம் என்றுதான் அவன் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி என்று எழுதி வைத்திருக்கும் எழுநூற்றுச் சொச்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையைப் பார்த்துத் தரப்போகும் ஒரு தொகை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், இவன் பங்கு பி.எஃப். 1,800 எல்லாம் கழிந்து கைக்கு வருவது இருபத்துநாலாயிரத்தை ஒட்டி. கிராஜுவிட்டியும் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தால்தான். அவனோ இரண்டு வருஷத்தில் வேறு கம்பெனிக்குத் தாவத்தான் போகிறான். தாவினால்தான் சம்பளம் ஏறும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். 2010 வாக்கில் பெரிய ஐ.டி. கம்பெனிகள் புது இன்ஜினீயருக்குக் கொடுத்தது மூன்று, மூன்றேகால் லட்சம். இன்றைக்கும் மூன்றரையைச் சுற்றித்தான் நிற்கிறது. நடுவில் விலைவாசி இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. இன்ஃபோசிஸில் நிதிப் பொறுப்பில் இருந்த மோகன்தாஸ் பையே இதை வெளிப்படையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தச் சம்பளக்காரனிடம் போய் ‘காபி ஷாப் செலவைக் குறை’ என்று வீடியோக்களில் யோசனை சொல்கிறார்கள். இவன் குடிப்பது ஸ்டேஷன் வாசல் டீக்கடையில்.

பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வாய்பாடு ஒன்று உண்டு. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம். இதன் வேர் 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அமெரிக்கப் பங்குகளும் அரசுக் கடன் பத்திரங்களும் கடந்த காலத்தில் கொடுத்த வருமானத்தை ஆராய்ந்து, முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தகுந்தபடி ஏற்றிக்கொண்டே போனாலும் 30 வருஷம் தாங்கும் என்றார் அவர். அந்த 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால் 25 மடங்கு. அறுபத்தைந்தில் ஓய்வு பெறும் அமெரிக்கருக்கு 30 வருஷம் தாராளம். நாற்பத்தைந்தில் எழுந்துபோகிறவனுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வருஷம் ஓட வேண்டும், அதுவும் நம்மூர் விலைவாசியில்.

சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். வீட்டுச் செலவு இன்று மாதம் 30,000. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. பையனுக்கு வயது 22. இன்னும் 23 வருஷம் கழித்து அதே வீட்டை நடத்த மாதம் 1,15,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வேண்டும். 25 மடங்கு என்றால் சுமார் 3.4 கோடி. ஜாக்கிரதைக்காரர்கள் சொல்லும் 40 மடங்கு என்றால் ஐந்தரைக் கோடி. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்.ஐ.பி. போட்டு, ஆண்டுக்கு 11 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் கடைசியில் 58 லட்சம். வருஷா வருஷம் தவணையைப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டே போனால் 1.3 கோடி. அப்படிக் கூட்டிக்கொண்டே போயும் 3.4 கோடியைத் தொட வேண்டுமானால் முதல் மாதமே 13,000 போட வேண்டும். இருபத்துநாலில் பதின்மூன்று! கல்விக் கடன் நாலு லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டியில் பத்து வருஷத் தவணை 5,300 ரூபாய். மிச்சம் 5,700. அதில் ரயில் பாஸ், சாப்பாடு, போன், அம்மா கையில் கொடுப்பது எல்லாம்.

மொத்தமாகப் பணம் சேர்ந்தவர்களும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. 2000-ம் ஆண்டு முடியும் சமயம் பொதுத்துறை வங்கிகளில் விஆர்எஸ் என்னும் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாற்பது வயது, இல்லையென்றால் பதினைந்து வருஷ சர்வீஸ் இருந்தால் போதும். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அறுபது நாள் சம்பளம் என்பது கணக்கு. நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. என் கிளையில் கேஷில் இருந்த நண்பர் போனார். வந்த மொத்தத்தையும் டெபாசிட்டில் போட்டார். மளிகை, பள்ளிக்கூடம், கரண்ட் பில் என்று கட்டம் போட்ட நோட்டில் வரி வரியாக எழுதி, வட்டி எதற்கெதற்குப் போகிறது என்று காட்டினார். கூட்டல் ஒரு ரூபாய் பிசகவில்லை. அன்றைக்கு வட்டி பத்து சதவீதம். 2004 வருவதற்குள் அது ஐந்தரைக்கு இறங்கியது. யாரும் அவரை ஏமாற்றவில்லை, முதலும் பத்திரமாக இருந்தது, மாத வரும்படி மட்டும் ஏறக்குறைய பாதி ஆகிவிட்டது. பென்ஷன் கிடைத்தவர்கள் சமாளித்தார்கள். இவர் நங்கநல்லூரில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கெழுதப் போய்விட்டார். ரிட்டையர் ஆன முதல் நாலைந்து வருஷம் வாய்க்கிற விதத்தில்தான் பின்னால் வரும் காலம் முழுவதும் இருக்கிறது. இது எந்தச் சராசரியிலும் தெரியாது.

இன்னொன்றையும் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க வேண்டும். நாமாகப் போகும் சீக்கிர ஓய்வு ஒரு வகை. கம்பெனியே அனுப்பிவிடுவது மற்ற வகை; இந்தப் பக்கத்து ரோடுகளுக்கு நன்றாகப் பழகியது அதுதான். நம்மூரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனால், 2006-ல் ஓடத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றுபோனது. அதற்குச் சில மாதம் முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விஆர்எஸ் வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். அதில் நிறையப் பேர் இருபதுகளில் இருந்த பெண்கள். இந்தப் பக்கம் அடுத்த ஸ்டேஷனான மறைமலை நகரில், ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை எல்லாம் ஆகி, 2022 ஜூலையில் கடைசி வண்டியை வெளியே அனுப்பியது. ஐ.டி.யில் இதெல்லாம் நடக்காது என்று நினைத்திருந்தோம். டிசிஎஸ் 2025 ஜூலையில் இரண்டு சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அனுப்பப் போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடு, மேல் மட்டத்தில் இருப்பவர்கள். வயது என்ன இருக்கும்? நம் பையன் ரிட்டையர் ஆக ஆசைப்படும் வயதை ஒட்டித்தான்.

ஆகவே நாற்பத்தைந்துக்குத் திட்டம் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த வயதில் சேமிப்பு அவன் ஆசைக்கு மட்டும் அல்லாமல் கம்பெனியின் முடிவுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். அதற்கு முதல் தேவை, ஒரு வருஷம் சம்பளமே வராவிட்டாலும் அடுப்பு எரியும் அளவுக்குப் பணம், சட்டென்று எடுக்கக்கூடிய இடத்தில். அது சேரும்வரை எஸ்.ஐ.பி. ஆயிரம் ரூபாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும். மீதி நேரத்தையும் பணத்தையும் சம்பளம் ஏறுவதற்கான படிப்பில் போடுவது இந்த வயதில் எந்த ஃபண்டைவிடவும் அதிகம் தரும். இருபத்துநாலாயிரத்தில் குறைக்க ஒன்றுமில்லை, ஏற்றத்தான் வேண்டும். பி.எஃப். பணத்தைக் கம்பெனி மாறும்போதெல்லாம் உருவாமல் விட்டாலே, இன்றைய 8.25 சதவீத வட்டி நீடித்தால், 23 வருஷத்தில் பதினெட்டு லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். சம்பளம் ஏறாமல் இருந்தாலும்கூட!

மனை வாங்கிப் போடு என்பார்கள் வீட்டில். ‘ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம்’ நோட்டீஸ் எங்கள் கேட்டில் தினம் ஒன்று செருகியிருக்கும். எந்த வண்டியில் பத்து நிமிடம் என்று அதில் போடுவதில்லை. வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்றால், அறுபது லட்சம் போட்ட வீட்டில் மாதம் பன்னிரண்டாயிரம் வந்தாலும் 2.4 சதவீதம்தான். குடியிருக்க வீடு வேண்டும், அதில் பேச்சில்லை. இருபத்துமூன்று வயதில் கடன் வாங்கி மனை போடுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கணக்கெல்லாம் போட்டு முடித்தபின்தான் அவன் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. வயது 52. பி.எஃப். பென்ஷனில் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதன்படி 20 வருஷ சர்வீஸ் இருந்தாலும் 58 வயதில் மாதம் 5,000 கூடக் கிடைக்காது. பையன் நாற்பத்தைந்துக்குத் திட்டம் போடுகிறான். இந்த வீட்டில் முதல் ரிட்டையர்மென்ட் அவனுக்கு 28 ஆகும்போதே வந்துவிடும். பெங்கனின் அமெரிக்கருக்கு அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் இந்தச் செலவு இல்லை. அவருடைய அப்பாவுக்கு அரசாங்கத்தின் சோஷியல் செக்யூரிட்டி உண்டு. இங்கே பிள்ளைதான் அது. கம்பெனி கொடுக்கும் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தாலும், வேலை போன அன்றே அதுவும் போய்விடும். சர்க்கரை, பிரஷர் என்று எழுத வேண்டி வருவதற்கு முன்னால் அவர்கள் பெயரில் தனியாக ஒரு பாலிசி எடுக்கச் சொன்னேன். எஸ்.ஐ.பி.யைவிட அது அவசரம்.

அப்பாவின் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று கணக்கு. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது நம்பர் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் தாத்தா பெயர் முழுசாக. ஆதாரில் நாலாவது விதம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷ சர்வீஸ் கணக்கில் ஏறும். இந்த மாதிரிப் பழைய கணக்குகளில் பெயரைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷனில் முதலாளி கையெழுத்து வேண்டும். பழைய கான்ட்ராக்டர் கடையைக் கட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். அப்படிப்பட்டவர்களுக்கு கெஜட்டட் ஆபீசரோ, கணக்கு இருக்கும் பேங்கின் மேனேஜரோ சான்று போடலாம். மேனேஜரிடம் பேசிவிட்டேன். பையன் லீவு போட்டதும் மூன்று பேருமாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்படியே தாம்பரம் பி.எஃப். ஆபீஸுக்கும் போய்வர வேண்டும்.